வவுனியாவில் பழைய சவரக்கத்தி: விலைத்துண்டை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள்

வவுனியாவில் மணிக்கூடு, பெற்றோமக்ஸ், பித்தளைச் சாமான் விற்கிற பழஞ்சாமான் கடையொன்றில் மடிக்கிற சவரக்கத்திகள் ஒரு தட்டு நிறையக் கிடக்கின்றன. சரக்கு நல்லது. ஒட்டியிருக்கிற துண்டுகள்தான் பிழை. அலகில் பூவேலையோடு பொறித்த பெயரையே செய்தவர் பெயரென்று எழுதி விலை போட்டிருக்கிறார்கள். அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர், அல்லது அந்த மாதிரிக்கு வைத்த பெயர். பிடியும் சாட்சி சொல்லாது. உடைந்தால் வேறு பிடி போட்டு ஆணி அடிப்பது வழமை.

செய்தவரின் முத்திரை கழுத்தில், அதாவது அலகுக்கும் ஆணிக்கும் இடையிலுள்ள தடித்த பகுதியில் இருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள். கறள் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தோய்ந்த பஞ்சை ஒரு இரவு சுற்றிவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் எழுத்து நிழல் விழுந்து தெரியும். கடைக்காரர் சான்ட் பேப்பரை நீட்டுவார், தொடாதீர்கள். முத்திரையின் ஆழம் மயிரிழைதான். நாலு இழுப்பில் போய்விடும்.

‘ஜேர்மன், 6,500 ரூபா’ என்றிருந்த ஒன்றில் கறளுக்குக் கீழே ஐ, ஒரு நட்சத்திரம், எக்ஸ், எல். இது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் கத்தி செய்த வொஸ்டன்ஹோமின் குறி, ஜேர்மனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் சேர்ந்திருந்தால் ஜோசப் றொட்ஜர்ஸ், அதுவும் ஷெபீல்ட்தான். இரட்டையர் உருவம் இருந்தால்தான் ஜேர்மனி, சோலிங்கன் நகர ஹென்கெல்ஸ். 1731இல் பதிந்த குறி.

காலத்துக்கு: ‘ஷெபீல்ட்’ மட்டும் இருந்து ‘இங்கிலாந்து’ இல்லையென்றால் 1890களுக்கு முந்தியதாக இருக்கலாம். இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் வேண்டுமென்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அங்கே போகாத கத்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கிரீடத்தோடு, பிரித்தானியாவின் ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜி ஆர்’ இருந்தாலும் அவசரப்படாதீர்கள். ஜோர்ஜ் மன்னர்கள் 1714 முதல் 1830 வரையும் இருந்தார்கள், 1910க்குப் பிறகும் இருந்தார்கள். ஆணிக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கிற வாலைப் பாருங்கள். கட்டை வால் என்றால் பழைய ஜோர்ஜ், நீண்டு வளைந்த வால் என்றால் பிந்தியவர்.

தட்டில் தவிர்க்கவேண்டியவை செலுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிடி போட்ட கத்திகள் சில. விரலால் தேய்த்தால் கற்பூர வாசம் வரும். பிடி சிதையும்போது கிளம்பும் அமில ஆவி, மடித்துவைத்த அலகையே தின்னும். கறள் பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் இருந்தால் காரணம் அதுதான். எந்த முத்திரையென்றாலும் திருப்பி வைத்துவிடுங்கள். மாட்டுக்கொம்புப் பிடிக்கு இந்தத் தொல்லை இல்லை, பூச்சி அரித்த ஓட்டை மட்டும் பாருங்கள்.