ஒருநாட் பயணத்தில் கத்தோலிக்க மரபு: புளியந்தீவா, திருத்தலங்களா, நீர்கொழும்பா?

விடுமுறைக்கு மட்டக்களப்பு வருகின்ற உறவினர்கள், வழிகாட்டி ஒருவரோடு ஒருநாள் சுற்றிப் பழைய கத்தோலிக்கக் கோயில்களையும் அங்குள்ள வழக்கங்களையும் பார்க்க விரும்புவதாகச் சொன்னால், நான்கு வழிகள் பேச்சில் வருகின்றன. மட்டக்களப்பு நகரின் நடுவிலுள்ள புளியந்தீவுக்குள் நடந்தே சுற்றுவது ஒன்று. வான் பிடித்து ஆயித்தியமலை, சொறிக்கல்முனை ஆகிய திருத்தலங்களுக்குப் போவது மற்றொன்று. திருகோணமலைக்குப் போய்வருவதும், இரவோடிரவாகப் புறப்பட்டு மேற்குக் கரையிலுள்ள நீர்கொழும்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் மற்ற இரண்டு. எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரும் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடங்களைப் பார்ப்பதற்காகப் போகிறவருக்கு நீர்கொழும்பு. மக்கள் செய்வதைப் பார்க்க விரும்புகிறவருக்குப் புளியந்தீவு. மரபு என்பது சுவரில் இருப்பதைவிடக் கையிலும் வாயிலும் இருப்பது என்பதால், தவக்காலத்தின் இறுதி வாரம் நீங்கலாக, நான் புளியந்தீவின் பக்கமே நிற்பேன்.

புளியந்தீவு வாவி சூழ்ந்த சிறிய இடம். ஒல்லாந்தர் கோட்டை என்று இன்று அழைக்கப்படும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், அது ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர் என்பதால், கத்தோலிக்கருக்கு அதன்பின் வந்தது ஒடுங்கிய காலம். கோவாவிலிருந்து 1687 இல் இலங்கைக்கு வந்து, கண்டி அரசின் நிழலில் இருந்துகொண்டு தீவெங்கும் அலைந்த புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் கதையை, இந்தக் கோட்டைச் சுவரருகே நின்று கேட்பதற்கும் புத்தகத்தில் வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. அங்கிருந்து சில நிமிட நடையில் புனித மரியாள் பேராலயம் வந்துவிடும். திருகோணமலை மறைமாவட்டம் 1893 இல் உருவாக்கப்பட்டது. மட்டக்களப்பு அதிலிருந்து தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது 2012 இல்தான். ஆனால் மக்கள் இந்தக் கோயிலை நினைவில் வைத்திருப்பது அந்த ஆண்டுகளால் அல்ல. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். 1988 யூன் 6 இல் சுட்டுக் கொல்லப்பட்ட சந்திரா பெர்னாண்டோ அடிகளாரை அறிந்த முதியவர்கள் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். ஊர்க்காரரான வழிகாட்டி இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வெளியூரிலிருந்து வருகின்ற வழிகாட்டி அப்படியல்ல. ஒருமுறை நாங்கள் சேர்ந்துகொண்ட குழுவோடு வந்தவர், வில்லியம் ஓல்ட் சிலையைக் காட்டி, இவர்தான் இங்கே முதலில் வந்த கத்தோலிக்கப் பாதிரியார் என்றார். ஓல்ட் 1814 இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிசனரி. அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருக்கிறது. கூட்டத்தில் நின்ற என் மாமி, "தம்பி, அவர் எங்கட ஆள் இல்லை" என்று சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்தத் தம்பி அதற்குப் பிறகு கோயில்களின் கட்டட உயரங்களை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தார். வழிகாட்டியை அமர்த்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்தக் கிழமையில் எந்தக் கோயிலில் நவநாள், அதாவது ஒரு புனிதரை வேண்டி வாராந்தம் கூடும் செபவழிபாடு? இதற்கு விடை தெரியாதவருக்குப் பணம் கொடுப்பதைவிடப் பங்குக் கோயிலில் பாடற்குழுவில் இருக்கின்ற ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது மேல்.

கிழமை முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்கு உரியது. அன்று மாலை அந்தோனியார் கோயிலுக்குப் போனால், வேலை முடிந்து நேரே வந்தவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மெழுகுதிரியை ஏற்றி, அதன் அடியை இன்னொரு திரியின் சுடரில் சற்று உருக்கித் தட்டில் ஒட்டி நிறுத்துவதைப் பார்க்கலாம். அந்த வரிசையில் பொட்டு வைத்த பெண்களும் நிற்பார்கள். யாரும் அதைப் புதினமாகப் பார்ப்பதில்லை. புதன்கிழமை சதாசகாய மாதாவின் நவநாள். வெறும் திங்கட்கிழமை மதியம் வந்து, பூட்டிய கதவையும் வெயிலையும் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் புளியந்தீவில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதில் அவர்களுடைய குற்றம் பாதிதான்.

புளியந்தீவுக்கே உரிய இன்னொரு செல்வம் பறங்கியர். போர்த்துக்கேய வழிவந்த இந்தக் கத்தோலிக்கக் குடும்பங்களின் மூத்தவர்கள் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைப் பேசுகிறார்கள். தச்சு, கொல்லு, தையல் ஆகிய தொழில்களில் நீண்டகாலம் பெயர் எடுத்தவர்கள். அவர்களுடைய கலியாண வீட்டில் வயலினோடு கபிரிஞ்ஞா ஆட்டம் இருக்கும். டச்பார் பக்கம் வாழ்ந்த குடும்பங்கள் 2004 சுனாமியில் பலரை இழந்தன. நல்ல வழிகாட்டி முன்கூட்டியே கேட்டுவைத்தால் ஒரு வீட்டு விறாந்தையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசக் கிடைக்கும். அப்படி ஒரு பேச்சில்தான், கோயிலில் நாம் அமர்கின்ற வாங்கு, வீட்டுக் கதிரை, குசினி, அலமாரி, துவாய் என்று நாள் முழுவதும் நாம் பேசுகின்ற தமிழுக்குள் எத்தனை போர்த்துக்கேயச் சொற்கள் குடியிருக்கின்றன என்பதை என் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள். காட்சிப் பொருளைப் பார்ப்பதுபோல அங்கே போகக்கூடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியைப் பலரும் பள்ளிக்கூடம்தானே என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் 1895 இல் கிழக்குக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலிருந்து மற்றொரு தொகுதியினர் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில் விளையாட்டரங்கு இருப்பதற்கும், இந்த ஊருக்குக் கூடைப்பந்துப் பித்து பிடித்ததற்கும் இந்த வரவே காரணம். கூடைப்பந்தைக் கத்தோலிக்க மரபு என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் சாரதியோடு காணாமற்போன யூஜின் ஹீபர்ட் அடிகளாரை ஊர் நினைவுகூரும்போது, அவருடைய செபங்களோடு அவருடைய கூடைப்பந்துப் பயிற்சிகளும் பேச்சில் வராமல் இருப்பதில்லை.

குறைகளும் உண்டு. புளியந்தீவின் கோயில்கள் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடையில் வெயிலும் பூட்டிய கதவும் சேர்ந்து பயணத்தை இரண்டாக வெட்டிவிடும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு, பெரிய பையோடு வருகின்ற அந்நியரைக் கோயில் வாசலில் கேள்வி கேட்பதும் இயல்பாகிவிட்டது. ஊர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் அது புன்னகையோடு முடியும்.

நீர்கொழும்பின் பெருமை வேறு வகையானது. 1874 இல் தொடங்கி 1922 இல் முடிக்கப்பட்ட பெரிய தெரு புனித மரியாள் கோயிலுக்குள் நுழைந்து, ஓவியம் தீட்டிய கூரையை அண்ணாந்து பார்க்கின்ற எவரும் சிறிது நேரம் பேசமாட்டார்கள். தெருவுக்குத் தெரு சொரூபக் கூடு; படகின் முகப்பிலும் புனிதரின் பெயர். 1678 என்று ஆண்டு பொறித்த கோட்டை வாசல் ஒன்றும் எஞ்சியிருக்கிறது. கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயில், 2019 ஏப்ரல் 21 இன் காயத்தோடு அங்கே நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இவற்றைவிட ஆர்வம் தரக்கூடியது, அந்தக் கரையின் மீனவர் சிலருடைய வீட்டுப் பேச்சு இன்றும் தமிழாக இருப்பது. பள்ளிக்கூட மொழியும் செப மொழியும் சிங்களமாக மாறியபின், கடலிலும் அடுப்படியிலும் தங்கிவிட்ட தமிழ் அது. தமிழ் தெரிந்த வழிகாட்டி இல்லாமல் போனால் இது காதிலேயே விழாது.

ஆனால் மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். போக ஆறு, ஏழு மணித்தியாலம், வரவும் அவ்வளவே. நாங்கள் பணம் கட்டிய பயண ஏற்பாட்டாளர் ஐந்து கோயில்கள் என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்தார். இரவு பத்து மணிக்குக் கிளம்பிய வான், இடையில் தேநீருக்கும் தூக்கத்துக்கும் நின்று நின்று, முதலாவது கோயிலைக் காலைத் திருப்பலி முடிந்து வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அடைந்தது. இரண்டாவது கோயிலில் பதினைந்து நிமிடம். மூன்றாவது மதிய வேளையில் பூட்டியிருந்தது. மற்ற இரண்டையும் வானின் ஜன்னலால் பார்த்தோம். மீன் பொரியலோடு சாப்பிட்ட சோறு நன்றாக இருந்தது என்பதைத் தவிர அன்றைய நாளில் என் மாமியாருக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. ஒருநாட் பயணம் என்ற சொல்லே நீர்கொழும்புக்குப் பொருந்தாது என்பது என் கணக்கு. முதல்நாளே போய் ஓர் இரவு தங்கத்தான் வேண்டும்.

அப்படித் தங்குவதற்குத் தகுந்த காலம் தவக்காலத்தின் இறுதியான பெரிய வாரம். நீர்கொழும்பை ஒட்டிய சிறு தீவான தூவவில் ஊர் மக்களே நடிக்கின்ற திருப்பாடுகளின் காட்சிக்கு ஈடாகக் கிழக்கில் எதையும் என்னால் காட்ட முடியாது. முன்பு சொரூபங்களை வைத்துச் செய்யப்பட்டுவந்த அந்தக் காட்சியில் பின்னாளில் மனிதரே நடிகர்களானார்கள். அந்த வாரத்தில் மட்டும் புளியந்தீவைத் தூக்கிப் பிடிக்க நானும் முன்வரமாட்டேன்.

திருத்தலங்களின் கணக்கு முழுக்க முழுக்க நாட்காட்டியைப் பொறுத்தது. வவுணதீவைக் கடந்து மேற்கே போகின்ற ஆயித்தியமலை சதாசகாய மாதா திருத்தலம், செப்டெம்பர் தொடக்கத்துப் பெருவிழாவின்போது வேறோர் ஊராக மாறிவிடும். சிறுபோகம் அறுத்த வயல்களின் நடுவே பாத யாத்திரையாக வருகின்றவர்கள், வழியெல்லாம் தாகசாந்திப் பந்தல்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு நடக்கின்ற தகப்பன், மாலையில் சொரூபப் பவனி என்று, வழிகாட்டி இல்லாமலே எல்லாம் கண்முன் நடக்கும். அம்பாறை மாவட்டத்துச் சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருத்தலத்துக்குச் செப்டெம்பர் 14 அவ்வாறான நாள். கல்முனை, நாவிதன்வெளிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பக்கத்து வீடு போன்றது. மற்ற மாதங்களில் இரண்டும் அமைதியான இடங்கள். செபிக்கப் போகிறவருக்கு அதுவே வேண்டும், மரபைப் பார்க்கப் போகிறவருக்கு அங்கே பார்க்க அதிகம் இராது.

திருகோணமலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டதிலிருந்து படகுத்துறைக் காத்திருப்பு இல்லாமல் கடற்கரைப் பாதையால் போய்வரக்கூடிய தூரம். புனித மரியாள் பேராலயமும் பாலையூற்று லூர்து மாதா கோயிலும் பார்க்கத் தக்கவை. ஆயினும் வருகின்ற கூட்டத்தில் பாதிப்பேர் கோணேசர் கோயிலுக்கும் கடலுக்கும் பிரிந்துவிடுவார்கள். பயணத்தின் நோக்கமும் அவர்களோடு போய்விடும்.

மச்சாள் குடும்பத்தினர் செப்டெம்பரில் வருகிறார்கள். நீர்கொழும்புக்கு வான் பேசட்டுமா என்று மச்சான் தொலைபேசியில் கேட்டார். செவ்வாய் மாலை அந்தோனியார் கோயில், புதன் காலை கோட்டையும் பேராலயமும், சனிக்கிழமை இரவு ஆயித்தியமலைக்கு நடை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். நடக்கின்ற பகுதியைப் பற்றி மட்டும் இன்னும் பதில் வரவில்லை.