படகுக்கு ஃபைபர் கூரை: சில மழைக்காலங்கள் கழித்து

மும்பையில் எங்கள் பாய்மரப் படகின் துணி டாட்ஜரை, அதாவது உட்காருமிடத்துக்கு முன்னால் அலைத் தெறிப்பை மறைக்கும் கூரையை, எடுத்துவிட்டு ஃபைபரில் கெட்டியான கூரை போட்டுச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. தாங்குகிறதா என்று பலர் கேட்கிறார்கள். கூரை தாங்குகிறது. வேலை வைப்பதெல்லாம் ஜன்னல்கள்தான்.

துணி மோசமில்லை. ஆனால் இந்த வெயிலில் துணிக்கு முன்னால் தையல் நூல் இற்றுவிடும், உப்பேறி ஜிப் நகராது. பிளைவுட் யோசித்தோம், அத்தனை உயரத்தில் கனம் ஏறினால் படகு கூடுதலாகச் சாயும். அதனால் நடுவில் நுரைப் பலகை, இரு பக்கமும் எபாக்ஸிப் பிசினில் ஃபைபர். தாராவியில் ஃபைபர் வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர்தான் செய்து தந்தார். "தம்பி, ஈரக் காத்துல எபாக்ஸி மேல பிசுபிசுன்னு ஒண்ணு படியும். அதைத் தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவாம அடுத்த கோட்டு போட்டா உரிஞ்சு வந்துரும்" என்றார். கழுவிக் கழுவித்தான் அடுக்கினார். இன்றுவரை எங்கும் உரியவில்லை. வெயில் எபாக்ஸியை அரிக்கும் என்பதால் மேலே வெள்ளை பாலியூரித்தேன் பெயின்ட். பளபளப்பு குறைந்ததோடு சரி.

முன் ஜன்னலுக்குப் பாலிகார்பனேட், பக்கங்களுக்கு அக்ரிலிக், இரண்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடுகள். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் கீறல் விழும், எங்களுடையது மஞ்சளித்தும்விட்டது. மாலைச் சூரியன் எதிரே இருந்தால் மீன்பிடி வலையின் மிதவைகூடத் தெரிவதில்லை. அக்ரிலிக் இன்னும் தெளிவு. அதைத் தின்னர் போட்டுத் துடைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், மயிரிழை விரிசல் ஓடும். வெயிலில் தகடு விரியும் என்று போல்ட் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டு தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெத்தென்ற பியூட்டைல் டேப் வைத்தோம். ஒழுகவில்லை. கோடையில் டேப் கறுப்பாகப் பிதுங்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மும்பைக்கு அக்கரையில் இருக்கும் மாண்ட்வாவிலிருந்து மதியத்துக்கு மேல் திரும்பும்போது வடமேற்குக் காற்று எதிரே அடிக்கும். முன்பெல்லாம் காக்பிட்டில், அதாவது சுக்கான் இருக்கும் திறந்த உட்காருமிடத்தில், எல்லோரும் நனைவோம். இப்போது சுக்கான் பிடிப்பவர் மட்டும் நனைகிறார். ஆனால் நங்கூரம் போட்டு நின்றால் இதே கூரை காற்றை அடைத்துவிடும். நடு ஜன்னலைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்திருக்காவிட்டால் கீழே கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும். வெளிநாட்டுக் கூரை டிசைன்களில் இந்தக் காற்றோட்டத்தைப் பெரிதாகச் சொல்வதில்லை. நம் ஊருக்கு அலைத் தடுப்பைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

அடுத்த சீசனுக்குள் முன் ஜன்னலையும் தடித்த அக்ரிலிக்காக மாற்றப் போகிறோம். ஜன்னல் சட்டம் போல்ட்டில்தான் நிற்கிறது, கூரையைத் தொட வேண்டியதில்லை.