கேட், சென்சார் லைட், கேமரா: மூன்று மழைக்காலம் தாண்டிய பிறகு எது நிலைத்தது

சென்னைப் புறநகரில் 40-க்கு 60 அடி மனை. ஐந்தடி காம்பவுண்டு சுவர், இரட்டைக் கதவு கேட், போர்ட்டிகோவில் ஒரு கார், உள்ளே இடமில்லாமல் தெருவோரத்தில் இன்னொன்று. இப்படியொரு தனி வீட்டில் மூன்று ஆண்டாக இருப்பவை நான்கு கேமரா, இரண்டு சென்சார் லைட், கேட்டில் கொஞ்சம் வெல்டிங் வேலை, காருக்கான சில பழக்கங்கள். அதிகப் பணத்தை விழுங்கியது கேமராதான். ஆனால் வேண்டாதவரை உள்ளே வரவிடாமல் செய்ததில் வெல்டிங்கும், விடிய விடிய எரியும் ஒரு 9 வாட் பல்பும் அதைவிட அதிகம் உழைத்திருக்கின்றன.

சுவர் தாண்டி வருகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை. விடியற்காலையில் செம்பருத்தி பறிக்க எட்டுபவர், படியில் உட்கார்ந்து பாட்டில் திறப்பவர், சுவரோரம் ஒதுங்குபவர், பழைய இரும்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பவர், வரிசையாக நிற்கும் கார்களின் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறவர் என்று பல ரகம். பூ பறிப்பவருக்கு சைரன் வைப்பது அபத்தம். கிளைகளைச் சுவருக்கு உள்ளே ஒன்றரை அடி தள்ளி வெட்டி, பகலில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கதவை இழுத்துப் பார்ப்பவருக்குத்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம்.

கேட்

நம் ஊர் கேட்டுகளில் மூன்று பலவீனங்கள் உண்டு. முதலாவது தாழ்ப்பாள். கம்பிகளுக்கிடையே கை நுழைத்தால் எட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அதைச் சுற்றி ஓரடிச் சதுரத்துக்கு 16 கேஜ் தகட்டை உள்பக்கமாக வெல்டு செய்தால் கை எட்டாது. மேல் விளிம்பையும் பக்கங்களையும் விடாமல் வெல்டு செய்ய வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்துவிட்டுப் போனால் இடுக்கில் மழைநீர் தங்கி, இரண்டாவது ஆண்டிலேயே துரு தகட்டைத் தின்னும். கீழ் விளிம்பில் மட்டும் தண்ணீர் வடிய இடைவெளி விட வேண்டும். ரெட் ஆக்சைடு இரண்டு கோட் காய்ந்த பிறகே எனாமல்.

இரண்டாவது கீல். தூணில் முளையும் கதவில் வளையமும் இருக்கும் கீல் என்றால், இரண்டு பேர் சேர்ந்து கதவைத் தூக்கினால் பூட்டு பூட்டியபடியே கேட் கழன்றுவிடும். மேல் கீலின் முளைத் தலையில் ஒரு வாஷரை வெல்டு செய்தால் தூக்க முடியாது. பத்து நிமிட வேலை. வெல்டர் வந்திருக்கும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இதற்கென்று தனியாகக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கதவைத் தரையோடு பிடித்து நிறுத்தும் செங்குத்துத் தாழ்ப்பாளின் குழி மணலால் நிரம்பிவிடும், கம்பி அரை அங்குலம்தான் இறங்கும். அந்த நிலையில் நடுவில் தோளைக் கொடுத்துத் தள்ளினால், எவ்வளவு விலை கொடுத்த பூட்டானாலும் இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும். குழியில் ஒரு அங்குல ஜிஐ பைப்பை நான்கு அங்குல ஆழத்துக்குப் பதித்து சிமெண்ட் பூசினால் குழி சிதையாது. மணலை மட்டும் மாதம் ஒருமுறை தோண்டி எடுக்க வேண்டும்.

பூட்டு 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வளைவுக் கம்பி கெட்டியாக்கப்பட்டதாக இருக்கட்டும். கடற்காற்று படும் இடத்தில் பித்தளை உடம்புள்ள பூட்டு நீடிக்கும். இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம், ஆனால் எண்ணெயில் தூசி சேர்ந்து பசையாகி அடுத்த கோடைக்குள் மறுபடி இறுகும். கிராஃபைட் பொடி தூவினால் அந்தத் தொல்லை இல்லை.

சுவர் விஷயம் சுருக்கமானது. ஐந்தடிச் சுவர் ஏற முடியாத சுவர் அல்ல. ஏறுவதைச் சுலபமாக்குவது ஓரமாகக் கிடக்கும் செங்கல் குவியல், குப்பைத் தொட்டி, ஈபி மீட்டர் பெட்டி. நகர்த்த முடிந்ததை நகர்த்திவிட்டு, உள்ளே மூன்றடி இடைவெளியில் காகிதப்பூச் செடி வையுங்கள். சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகளின் மேல் ஒரு சாக்கைப் போட்டால் அவற்றின் வேலை முடிந்தது, கிழிபடுவது பூனைகள்தான். வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுத்து வேலி போடுவதை நினைக்கவே கூடாது. அது உயிரை எடுக்கும், வழக்கும் உங்கள் மேல்தான் வரும். மாடிப்படி வெளிப்பக்கமாக இருக்கும் வீடுகளில் தெருக்கதவைவிட மொட்டைமாடிக் கதவே பலவீனமானது. படியின் அடியிலேயே ஒரு கிரில் கேட் போடுவது நல்ல முதலீடு.

வெளிச்சம்

முழு இரவும் எரியும் விளக்கா, ஆள் வந்தால் எரியும் விளக்கா என்று கேட்டால் இரண்டும் வேண்டும். போர்ட்டிகோவில் 9 வாட் எல்இடி பல்பு இரவு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் சுமார் ஆறரை யூனிட்தான் ஏறும். இருட்டு நாடி வந்து உட்காருகிறவர்களுக்கு அதுவே போதுமான மறுப்பு. கேமராவும் கறுப்பு வெள்ளைக்குப் போகாமல் சட்டையின் நிறத்தைக் காட்டும்.

சென்சார் லைட்டின் பயன் வேறு. சட்டென்று பளிச்சென்று எரிவது உள்ளே வந்தவரை நிறுத்துகிறது, எதிர்வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்க வைக்கிறது. 20 வாட், ஐபி65 (தூசியும் மழையும் தாங்கும் தரம்), பிஐஆர் சென்சார் (வெப்பத்தை உணர்வது) உள்ளது போதும். மைக்ரோவேவ் சென்சார் வாங்கி இங்கே மாட்டினால் கேட்டுக்கு வெளியே போகும் ஒவ்வொரு பைக்குக்கும் எரியும், ஏனென்றால் அதன் அலை மெல்லிய தடுப்புகளைத் தாண்டிப் போகும்.

பிஐஆர் சென்சார் பார்ப்பது ஆளை அல்ல, சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதை. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. நேராக அதை நோக்கி நடப்பவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது சீக்கிரம் பிடிக்கும். அதனால் கேட்டைப் பார்த்தபடி மாட்டாமல், கேட்டிலிருந்து கார் வரை நடக்கும் பாதைக்குக் குறுக்காக, எட்டடி உயரத்தில் மாட்ட வேண்டும். இன்னொன்று, மே மாதப் புழுக்க இரவில் காற்றின் சூடு உடம்புச் சூட்டை நெருங்குவதால் சென்சார் மந்தமாகும். பெட்டியில் 12 மீட்டர் என்று போட்டிருப்பது அப்போது ஐந்தாறு மீட்டராகச் சுருங்கும். சரிபார்ப்பதை மார்கழியில் செய்யாமல் கோடையில் செய்யுங்கள். ஏசி வெளி யூனிட்டின் சூடான காற்றும் மேற்கு வெயில் வாங்கிய சுவரும் அதன் பார்வையில் படக்கூடாது.

எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கான டைம் குமிழை 60 முதல் 90 விநாடிக்கு வையுங்கள். எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பதற்கான லக்ஸ் குமிழை உண்மையில் இருட்டும் நேரத்தில் நின்று திருப்புங்கள். பூனைக்கு எரிகிறது என்றால் சென்ஸ் குமிழின் உணர்திறனைக் குறைக்காமல், லென்ஸின் கீழ்ப்பாதியில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அதைக் குறைத்தால் ஆளையும் விட்டுவிடும். முதல் மழைக்காலத்தில் செத்த லைட்டுக்குக் காரணம், வயர் நுழையும் துளை மேல்நோக்கி இருந்தது. துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும், வயர் உள்ளே போகும் முன் ஒரு தொங்கல் விட்டு வளைத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சுவரோரம் ஒதுங்குவதற்குச் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஓரளவு கேட்கவும் செய்கிறது, ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் ஒதுங்குவார்கள், அது சாமிக்கும் மரியாதை இல்லை. பழைய வாடைதான் அடுத்தவரை அங்கே நிறுத்துகிறது. ஒரு வாரம் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அந்த இடத்துக்கு நேராக ஒரு விளக்கு வைத்தால் இடம் மாறிவிடும்.

கேமரா

கடைக்காரர் நான்கிற்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கொடுப்பார், அகலமாகத் தெரியும் என்று. தெரியும், முகம்தான் தெரியாது. ஒருவரை இன்னார் என்று அடையாளம் காண காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கேமரா அளவுகோல். 4 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 2560 பிக்சல். அப்படியானால் பத்து மீட்டருக்கு மேல் அகலமான காட்சியில் முகம் கிடைக்காது. 2.8 லென்ஸில் அந்த எல்லை சுமார் 4 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும், 6 மில்லிமீட்டர் லென்ஸில் 11 மீட்டர் வரை போகும். போர்ட்டிகோவுக்கு 2.8 சரி. தெருவோரக் காருக்கும் கேட்டுக்கும் 6 வேண்டும். கேட் கேமராவைப் பன்னிரண்டடி உயரத்தில் வைத்தால் கிடைப்பது உச்சந்தலையும் தொப்பியும்தான். ஏழிலிருந்து எட்டடி போதும்.

இரவில் படம் வெள்ளைப் புகையாக இருந்தால் கேமரா கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அதன் அகச்சிவப்பு விளக்கின் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தியும் பல்லியும் வரும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு நூலாம்படை இருந்தாலும் ஒளி திரும்பி அடித்து மற்றதை மறைக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒட்டடைக்குச்சி. சன்ஷேடை ஒட்டி மாட்டினாலும் இதே கோளாறு வரும், வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அடித்து முற்றம் இருண்டுபோகும்.

வயர் முழுத் தாமிரமாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவுக் கேபிள் முதல் ஆண்டு நன்றாகத்தான் வேலை செய்யும். பிறகு இணைப்பு முனைகள் பச்சை பூத்து, மழை நாளில் கேமரா வந்து வந்து போகும், அதாவது ஆள் வர வாய்ப்புள்ள அந்த இரவிலேயே இருக்காது. இணைப்பைச் சுவரில் தொங்கவிடாமல் 4 அங்குல ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து மூடுங்கள். ரெக்கார்டரையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். ரெக்கார்டர் டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம், பரணில் இருக்கட்டும்.

ஒரு கேமரா, வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்.265 முறையில் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினொரு நாள், 2 டிபியில் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வருபவருக்கு 1 டிபி போதாது.

மூன்று ஆண்டில் பார்த்த பெரிய தோல்வி கருவியில் இல்லை, அலர்ட்டில். சாதாரண மோஷன் அலர்ட்டை விட்டுவைத்தால் ஈசல், மழைக்கோடு, ஆடும் இலை என்று இரவெல்லாம் ஃபோன் அடிக்கும். ஒரே வாரத்தில் எல்லாரும் அதை மியூட்டில் போட்டுவிடுவார்கள். மனிதரை மட்டும் பிரித்தறியும் வசதியோடு, கேட்டுக்கு உள்ளே ஒரு கோடு வரைந்து, அதைத் தாண்டினால் மட்டும், இரவு 11 முதல் 5 வரை மட்டும் அடிக்கும்படி வையுங்கள். தெருவில் நடப்பவருக்கு அடிக்கவே கூடாது. அடித்தால் ஸ்பீக்கரில் “யாருப்பா அது?” என்று கேட்பது சைரனைவிட வேலை செய்கிறது. சைரன் இயந்திரம் என்று தெரியும், குரலுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். கீழே இறங்கிப் போய்ச் சண்டை போடுவது மட்டும் வேண்டாம், 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னல் காட்சியில் விழுந்தால் அந்தப் பகுதியை மறைக்கும் மாஸ்க் வசதி மெனுவில் இருக்கும், கேட்காமலேயே செய்துவிடுங்கள். ராத்திரி நம் வீட்டைக் கவனிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கார்

கதவைப் பூட்டாமல் விடுவதே மலிவான திருட்டுக்கு வழி. நடந்துகொண்டே ரிமோட்டை அழுத்திவிட்டுப் போகாமல், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கம்பெனி அலாரம் பல மாடல்களில் கதவு திறந்தால்தான் அலறும், கண்ணாடி உடைந்தால் அலறாது. வாங்கிய காரில் எது என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஒரு காலிப் பை கிடந்தால் கூட உள்ளே என்ன என்று பார்க்கத் தோன்றும். சார்ஜர் வயர், சில்லறை, கண்ணாடிக் கூடு எல்லாம் வீட்டுக்குள். கறுப்பு ஃபிலிம் ஒட்டி மறைக்கலாம் என்ற யோசனைக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆர்சி புத்தகம் வண்டியில் வேண்டாம், டிஜிலாக்கரில் இருப்பது செல்லும். முகவரியுள்ள காகிதமும் வீட்டுச் சாவியும் ஒன்றாக வண்டியில் கிடப்பதுதான் மிக ஆபத்து.

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைத் தெருக்கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டாதீர்கள். சாவியின் சிக்னலை இழுத்து நீட்டித்துக் கதவைத் திறக்கும் கருவிகள் இருக்கின்றன. மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு, டப்பாவோடு காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் டப்பா உதவாது, வேறொன்று பாருங்கள்.

தெருவோரக் காருக்கு முழு உறை போடுவதில் இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே இருப்பதை மறைக்கும், ஆனால் பத்து நாள் அசையாத உறை வீட்டில் ஆளில்லை என்று சொல்லும், உறைக்குள் குனிந்து வேலை செய்பவரையும் மறைக்கும். தினமும் எடுக்கும் வண்டிக்கு மட்டும் போடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் வண்டியைத் தொடாமல் படம் எடுங்கள். அத்துமீறலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவு, திருட்டுக்கு 303. புகாரை இணையவழி கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீது எஃப்ஐஆர் ஆகாது, பொருள் போயிருந்தால் இன்சூரன்ஸுக்கு எஃப்ஐஆர் கேளுங்கள். காருக்குள் வைத்திருந்த லேப்டாப்புக்குக் கார் பாலிசி பணம் தராது, வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவும் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான். பக்கக் கண்ணாடி ஒன்று மட்டும் உடைந்திருந்தால் கிளெய்ம் போடும் முன் கணக்குப் போடுங்கள். 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் ஒரே கிளெய்மில் பூஜ்யமாகும், பல நேரம் கண்ணாடி அதைவிட மலிவு.

வீடியோவை ஃபோனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நீதிமன்றத்தில் நிற்காது. ரெக்கார்டரிலிருந்து அதன் மூல வடிவத்தில் பென் டிரைவில் எடுத்து, டிஸ்க்கை மேலெழுதவிடாமல் நிறுத்தி வையுங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் அதில் வரும். ரெக்கார்டர் கடிகாரம் பதினைந்து நிமிடம் தப்பாக ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். எனவே நேரத்தை இணையத்தோடு தானாகச் சரிசெய்யும்படி வைத்துவிட்டு, மாதம் முதல் தேதி அன்று நேரலையைப் பார்க்காமல், பத்து நாளுக்கு முந்தைய ஒரு இரவு 2 மணியை ஓட்டிப் பாருங்கள். பதிவு இருக்கிறதா, முகம் தெரிகிறதா, நேரம் சரியா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.