போர்டு போகவில்லை, 7,250 ரூபாய் போனது: வாஷிங் மெஷின் சர்வீஸ் என்ற பெயரில் நடக்கும் மோசடி

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டதா? கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர், சென்னை' என்று இணையத்தில் தேடி, மேலே வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். மெஷினோடு வந்த வாரண்டி அட்டையில் எண் இருக்கிறது. அட்டை தொலைந்திருந்தால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கிறது. அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து 7,250 ரூபாயைக் கறந்துகொண்டு போனவர்கள் வந்தது அந்த வழியாகத்தான்.

எங்களுடையது ஏழு கிலோ ஃபிரன்ட் லோட் மெஷின். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வாரம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, அத்தையின் புடவைகள், போர்வை எல்லாம் உள்ளே. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. கதவு திறக்க மறுக்கிறது. திரையில் இரண்டு எழுத்து மின்னி மின்னி மறைகிறது. கணவர் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். கைபேசியில் தேடியதும் கம்பெனியின் சின்னமும் நிறமுமாக ஒரு பக்கம் முதலில் வந்து நின்றது. இப்படிப்பட்ட பக்கங்கள் பலவும் காசு கொடுத்து மேலே ஏற்றப்பட்டவை. 'விளம்பரம்' என்ற சொல் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நனைந்த சீருடையோடு நிற்கிறவர் கண்ணில் அது படாது என்பதை நம்பித்தான் அவர்கள் கடை விரிக்கிறார்கள்.

தொலைபேசியை எடுத்த பெண் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தார். மாடல், வாங்கிய வருடம், முகவரி எல்லாம் பொறுமையாகக் கேட்டார். வாரண்டி முடிந்துவிட்டதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அசல் சர்வீஸ் சென்டர் என்றால் புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். இங்கே அப்படி எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆளே வந்துவிட்டார், அதுவும் அரை மணி நேரத்தில், கொட்டுகிற மழையில். சென்னையில் எந்தக் கம்பெனியின் ஆள் அப்படி வந்திருக்கிறார், சொல்லுங்கள்!

சட்டைப் பையில் கம்பெனியின் சின்னம். கழுத்தில் அடையாள அட்டை, ஆனால் வந்ததிலிருந்து போகும்வரை அது திரும்பியே கிடந்தது. வந்து பார்ப்பதற்கு மட்டும் 450 ரூபாய் என்றார். மெஷினை முன்னால் இழுத்து, பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, மேல் மூடியைத் தூக்கினார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் எங்கெங்கோ வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், மெயின் போர்டு போய்விட்டது. இது போர் தண்ணீர் ஏரியா, மழை ஈரம் வேறு. புது போர்டு 9,500 ஆகும். பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் போட்டால் 6,800. இன்றைக்கே முடித்துவிடலாம்."

போர்டு என்றால் மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை. பழைய போர்டை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். கம்பெனி விதி அப்படி என்றார். பிறகு ஒரு பக்கெட்டும் பழைய துணியும் கேட்டார். உள்ளே நிற்கும் தண்ணீரை வடிக்க வேண்டுமாம். கரன்ட் அடிக்கும், பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போய்விடுங்கள் என்று என்னையும் சேர்த்து அறைக்குள் அனுப்பினார். அத்தை மட்டும் கூடத்து நாற்காலியிலிருந்து நகரவில்லை. அங்கிருந்து பார்த்தால் சர்வீஸ் பால்கனி நேராகத் தெரியும். சற்று நேரத்தில் அத்தையின் குரல் கேட்டது. "ஏம்மா, போர்டு மேலே இருக்கிறது என்றானே, கீழே உட்கார்ந்து என்ன குடைந்துகொண்டிருக்கிறான்?"

"தண்ணீர் வடிக்கிறேன் பாட்டி" என்று அவரே பதில் சொன்னார். பிறகு கீழே போய் வண்டியிலிருந்து இளஞ்சிவப்பு உறையோடு ஏதோ எடுத்து வந்தார், மூடியைத் திறந்தார், மூடினார். மெஷின் ஓடியது. கம்பெனியின் பெயருக்கு அனுப்புவதாக நினைத்த பணம் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போனது. கேட்டதற்கு, அவர்தான் எங்கள் மேனேஜர் என்றார். ஒரு மாத வாரண்டி என்று எழுதி ஒரு பில்லும் கொடுத்தார்.

வாரண்டி முடிந்த கையோடு மெஷின் அதே இரண்டு எழுத்தைக் காட்டி நின்றது. அதே எண்ணில் அதே பெண். இந்த முறை ஃபோனிலேயே நோய் கண்டுபிடித்துவிட்டார்கள்: மோட்டார் போயிருக்கும், 11,000 வரை ஆகலாம். கணவர் அந்தப் பேச்சைப் பாதியிலேயே துண்டித்துவிட்டு, கீழ்க்கட்டளையில் சின்னக் கடை வைத்திருக்கும் பாயை அழைத்து வந்தார்.

பாய் மேல் மூடியைத் தொடவே இல்லை. வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெஷினின் முன்பக்கம், அடியில், ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதை நகத்தால் நெம்பித் திறந்து, உள்ளிருந்து மூடி போட்ட கறுப்புக் குழாய் ஒன்றை இழுத்து, தட்டில் தண்ணீரை வடியவிட்டார். வடிந்ததும் பக்கத்திலிருந்த வட்ட மூடியை இடப்பக்கம் திருகி உருவினார். கம்பளித் துண்டு போல ஈரப்பஞ்சு திரண்டு வந்தது. அதற்குள் ஒரு ஹேர்பின், இரண்டு சட்டைப் பொத்தான்கள், ஒரு ஐந்து ரூபாய் நாணயம். குழாயடியில் கழுவி, திரும்பப் பொருத்தி, ஓட்டிக் காட்டினார். தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது.

முதல் ஆள் கீழே உட்கார்ந்து குடைந்தது இதைத்தான். நோய் என்ன என்று அவருக்கு வந்த நிமிடமே தெரியும். காசு வராத வேலையை மறைவில் செய்துவிட்டு, காசு வருகிற வேலையைக் கண்ணெதிரே நடித்திருக்கிறார்.

போர்டையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார் பாய். போர்டின் மேல் ஊற்றியிருக்கும் பிசின் மஞ்சளேறிக் கிடந்தது. அதன்மேல் படிந்த தூசியில் ஒரு விரல் தடம்கூட இல்லை. போர்டின் தட்டிலிருந்து பக்கத்து ஒயர் வரைக்கும் நூலாம்படை. "புது போர்டில் சிலந்தி எப்படி அம்மா குடியேறும்?" என்றார். அதிலிருந்த ஸ்டிக்கரில் போட்டிருந்த வருடமும் மெஷின் தயாரான வருடமும் ஒன்று. போர்டு மாற்றப்படவே இல்லை. பாய் வாங்கிய கூலி 300 ரூபாய்.

போர்டு கெடவே கெடாது என்று யாரும் சொல்லவில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் போகும், கரப்பான்பூச்சி புகுந்தாலும் போகும். தண்ணீரை வெளியேற்றும் பம்ப்புக்கு மின்சாரம் தரும் பகுதி மட்டும் பழுதாவதும் உண்டு என்று பாயே சொன்னார். ஆனால் தண்ணீர் வெளியேறவில்லை என்றால் பார்க்கும் வரிசை ஒன்று இருக்கிறது: முதலில் ஃபில்டர் (பாய் திருகி உருவினாரே, அதுதான்), பிறகு வடிகுழாய் மடங்கியிருக்கிறதா என்பது, பிறகு பம்ப், கடைசியில்தான் போர்டு. அந்த இரண்டு எழுத்தை மின்ன வைப்பதே போர்டுதான். அது முழுதாகச் செத்திருந்தால் திரையில் வெளிச்சமே வந்திருக்காது. எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பது மெஷினோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஆளைக் கூப்பிடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஃபில்டரை நீங்களே கழுவலாம், மாதம் ஒருமுறை போதும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெந்நீரில் ஓடிக்கொண்டிருந்தபோது நின்றிருந்தால் தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். சின்னக் குழாய் வழியாகத் தண்ணீரை முழுக்க வடித்த பிறகே வட்ட மூடியைத் திருகுங்கள், இல்லாவிட்டால் பால்கனியே குளமாகும். தண்ணீர் வடிந்து சில நிமிடங்களில் பெரும்பாலும் கதவும் தானே விட்டுக்கொடுக்கும். பலம் காட்டி இழுத்துப் பூட்டை உடைக்காதீர்கள். டாப் லோட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் இருக்காது. டிரம்முக்குள் இருக்கும் பஞ்சுப் பையைக் கழுவினால் போதும்.

போர் தண்ணீர் என்று அந்த ஆள் பயமுறுத்தியதில் பாதி உண்மை, அதனால்தான் பேச்சு எடுபட்டது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளை வளையம் விடும். அந்த உப்பு மெஷினுக்குள் ஹீட்டரில் படியும், தண்ணீர் நுழையும் குழாயின் முனையில் இருக்கும் சின்ன வலையை அடைக்கும். ஆனால் உப்பு போர்டுக்கு ஏறாது. போர்டு தண்ணீர் படாத இடத்தில் இருக்கிறது. குழாயை மூடிவிட்டு, அந்த வலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் தீர்ந்தது. ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை உப்புப் படிவை நீக்கும் டிஸ்கேலிங் பவுடர் போட்டு, துணியில்லாமல் வெந்நீரில் ஓட்டிவிடுங்கள். கையால் துவைப்பதற்கான பவுடரை ஃபிரன்ட் லோடில் கொட்டாதீர்கள், நுரை பொங்கி மெஷின் திணறும். துவைத்து முடித்ததும் கதவு ரப்பரைத் துடைத்துக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். நாற்றம் வராது.

பில் கதைக்கு வருகிறேன். அதில் ஜிஎஸ்டி எண் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணில் இலக்கமும் ஆங்கில எழுத்துமாக மொத்தம் 15 இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. எங்கள் பில்லில் இருந்தது 07, அதாவது டெல்லி. கடையின் முகவரியோ வேளச்சேரி என்று இருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யாருடையது என்று உடனே தெரியும். நாங்கள் போட்டபோது அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்தது. கம்பெனியின் அசல் எண்ணில் கேட்டோம். எங்கள் முகவரிக்கு அன்று யாரையும் அனுப்பவில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவும் தயாராகிறது. நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்குக்கான காரணம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் ஆளே வரவில்லை. பதிவுக் கட்டணம் 10 ரூபாய் மட்டும் என்று ஒரு லிங்க் அனுப்பி, ஒரு செயலியையும் இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளையாக அந்த வீட்டுக் கல்லூரிப் பையன் தடுத்துவிட்டான். அந்த வகையில் பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி பக்கம் யாரிடமாவது 07-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணோடு இப்படி ஒரு பில் இருந்தால் அதன் படத்தை அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.