பதினெட்டாயிரம் ரூபாய் வெப்சைட்: ஒரு வருஷம் கழித்து

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது, எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவில் ஒருவர் வீட்டில் இரண்டு போட்டோ ஆல்பம் ஊறிக் கூழாகிப்போனது. "மிச்சம் இருக்கிறதையாவது வெப்சைட்ல ஏத்திடணும்" என்று அப்போதே பேசினோம். பேச்சு காரியமாக இத்தனை வருஷம் ஆனது. நான் ரிடையர்டு கணக்கு டீச்சர் என்பதால் கொட்டேஷன் வாங்குவது, பேரம் பேசுவது எல்லாம் என் தலையில் விழுந்தது.

வெப்சைட் செய்து கொடுத்த கடை மேற்கு மாம்பலத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஓனர், வேலைக்கு ஒரு பெண். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். டொமைன் (அதாவது வெப்சைட் முகவரி), ஒரு வருஷ ஹோஸ்டிங் (சைட்டை இணையத்தில் வைக்க இடம்), பத்துப் பக்கம், எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். சைட்டைக் கட்டும் வேர்ட்பிரஸ் இலவச மென்பொருள்தான்; அதை அமைத்துத் தரும் வேலைக்குத்தான் இந்தக் காசு. வேறு இடத்தில் 40,000 கேட்டார்கள்.

முதல் மாதிரியைத் திறந்தால் உச்சியில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோபுரம். "எங்களுக்குக் காரணீசுவரர் இருக்காருங்க" என்றேன். "கோபுரம்னா கோபுரம்தானே மேடம்" என்றார் ஓனர். மாற்ற நான்கு நாள்.

அடுத்தது எழுத்துச் சிக்கல். எங்கள் பெரியவர் ஒருவர் பதினைந்து வருஷமாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கட்டுரைகள் நாற்பது. அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. மறுபடி டைப் செய்ய வேண்டும், பக்கத்துக்கு 30 ரூபாய் என்றார் ஓனர். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்று இலவசமாகக் கிடைக்கும் ஒன்றில் போட்டு, ஒரே மத்தியானத்தில் அத்தனையையும் வெப்சைட்டில் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். பிழை திருத்தியது மட்டும் நாங்கள்.

அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் படங்களில் ஒன்று ஒரு கல்வெட்டு; அதன் கதை முதலில். 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் தன் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் கட்டினார். 1966-இல் அதே இடத்தில் இப்போதைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. பழைய பாலம் போனாலும் உஸ்கானின் கல்வெட்டு பாலத்தருகே நிற்கிறது. ஆர்மீனியம், லத்தீன், பாரசீகம் என்று மூன்று மொழி. தினம் பஸ்ஸில் கடக்கிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் அறுபது வயதுவரை பார்த்ததில்லை. அந்தக் கல்வெட்டின் படத்தை ஏற்றும்போது அவள் கேட்டாள்: "டீச்சர், இதை யார் எடுத்தாங்க? எப்போ? பாலத்துக்கு எந்தப் பக்கம்?" மூன்றில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்போ கீழ என்னன்னு போடறது?" என்றாள்.

அதற்காகவே மூன்று ஞாயிற்றுக்கிழமை குழு முழுக்க உட்கார்ந்தோம். இருநூற்றுச் சொச்சம் படம், ஒவ்வொன்றுக்கும் யார், எப்போது, எங்கே. ‘பழைய சைதாப்பேட்டைப் பாலம்’ என்று நாங்கள் கண்காட்சியில் எல்லாம் வைத்த ஒரு படம் எல்பின்ஸ்டன் பாலமாம்! அதுவும் அடையாற்றின் மேல்தான், ஆனால் முகத்துவாரத்துப் பக்கம். படத்தில் ஆறு அவ்வளவு அகலமாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. எழுதி வைத்த பெரியவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

படங்களின் தரத்தில்தான் எனக்கும் ஓனருக்கும் பெரிய சண்டை. கல்வெட்டுப் படம் நாங்கள் கொடுத்தது 6 எம்பி, சைட்டில் இருந்தது 80 கேபி. எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. "சைட் ஸ்லோ ஆயிடும் மேடம்." சரி, பக்கத்தில் சின்னப் படம் இருக்கட்டும், தொட்டால் பெரியது திறக்கட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

வருஷம் முடிந்ததும் ரினியூவல் 6,500 என்று வாட்சப் வந்தது. அப்போதுதான் கேட்டேன், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று. அவர் பெயரில், அவர் மெயிலில்! "எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்" என்றார். நாளைக்கு அவர் கடையை மூடினால் எங்கள் முகவரி அவரோடு போய்விடும். டொமைனை எங்களிடம் மாற்றிக்கொள்ளத் தேவையான டிரான்ஸ்பர் கோடு வாங்க மூன்று வாரம், ஏழு போன், ஒரு தடவை நேரில் போய் உட்கார்ந்தும் வந்தேன். வாங்கி எங்கள் குழுவின் மெயிலுக்கு மாற்றிவிட்டோம்.

வேலைக்கு நான்கு ஸ்டார், ஓனருக்கு இரண்டு. போகிறவர்கள் டொமைன் உங்கள் மெயில் ஐடியில்தான் பதிய வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். அப்புறம், காலையில் போகாதீர்கள். அந்தப் பெண் பதினொரு மணிக்குத்தான் வருவாள்.