வெதரிங் வேலைக்கு வேகன் அனுப்பி 28,000 போச்சு: நீங்களாவது ஜாக்கிரதையாக இருங்கள்

கோபம் தணிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன். தணிகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். மாடல் ரயில் வைத்திருப்பவர்கள், முக்கியமாக வேகனுக்குப் பெயின்ட் அடித்து வெதரிங் (வெயிலிலும் மழையிலும் ஓடிய வண்டி மாதிரி துரு, அழுக்கு வரைவது) செய்ய வெளியாளிடம் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பொறுமையாகப் படியுங்கள். என்னென்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது 28,000 ரூபாய். எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ஆறு வேகன்கள், அதோடு 24 மனித உருவங்கள். வேகன்கள் எல்லாம் கிட் வாங்கி நானே கட்டியவை. நான்கு திறந்த நிலக்கரி வேகன், ஒரு டாங்கர், ஒரு கார்டு வேன் (ரயில் கார்டு ஏறும் கடைசிப் பெட்டி). பெயின்ட், டிகால் (எண், எழுத்து ஒட்டும் படலம்), வெதரிங் மூன்றும் வேலையை எடுத்துக்கொண்டவர் பொறுப்பு. உருவங்களை வெள்ளை உலோகத்தில் அவரே வார்த்து, பெயின்ட் அடித்துத் தருவதாகப் பேச்சு.

ஆளைப் பிடித்தது ஒரு இணையச் சந்தையில். கைவினைப் பொருள் விற்பவர்களும், சொன்னால் செய்து தருபவர்களும் கடை விரிக்கும் வகைத் தளம். பெயர் போடவில்லை. போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அப்புறம் எழுதியும் பயனில்லை.

அவரை ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். என் இடத்தில் இருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். படத்தைப் பார்த்து மயங்கி நான் பணம் அனுப்பவில்லை. கேள்வி கேட்டேன். டிகால் எப்படி ஒட்டுவீர்கள் என்றேன். மனிதர் பாடமே எடுத்தார். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் நேராக ஒட்டினால் சொரசொரப்பில் காற்று சிக்கிக்கொண்டு ஓரமெல்லாம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும், அதனால் முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், அதன்மேல் டிகால், அது பரப்போடு படிந்து உட்கார சாஃப்ட்னர், காய்ந்தபின் மேலே மேட் வார்னிஷ், அதற்குப் பிறகுதான் வெதரிங் என்றார். அத்தனையும் சரி. கார்டு வேன் ஜன்னலுக்கு சூப்பர் குளூ போடக் கூடாது, ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும் என்று நான் கேட்காமலே சொன்னார். அதுவும் சரி.

துரு பற்றிப் பேசியபோதுதான் முழுசாக நம்பிக்கை வந்தது. நான் நிறையத் துரு கேட்டிருந்தேன். "வேண்டாம் சார், இது ஓடுற வண்டி. யார்டுல கெடக்குற வண்டி மாதிரி பண்ணிடக் கூடாது. கதவுக் கீல், ரிவெட், பெயின்ட் உரிஞ்ச இடம், அங்கேருந்து மட்டும் மெல்லிசா கீழே இறங்கட்டும். அடிச்சட்டத்துக்குத் தண்டவாளத் தூசி கலர் போதும்" என்றார். கேட்டதையெல்லாம் போட்டுக் காசு வாங்கப் பார்க்காமல், வேண்டாம் என்று சொல்கிற ஆள் ஏமாற்றுவாரா? 14,000 முன்பணத்தைத் தளம் வழியாகவே அனுப்பினேன். வேகன்களையும் அனுப்பினேன்.

அப்புறம் படங்கள் வர ஆரம்பித்தன. அழகான படங்கள். முன்னால் ஒரு நிலக்கரி வேகன் துல்லியமாக, பின்னால் மற்றவை மங்கலாக. மேல் விளிம்பில் கரித்தூள், பக்கப் பலகையில் மங்கிய எண், கீழே பழுப்புத் தூசி. கோணம் மாறும், வெளிச்சம் மாறும், முன்னால் நிற்கும் வேகன் மட்டும் மாறாது. "எல்லாம் இதே தரம்தான் சார், பேக்கிங் பண்ணப் போறேன், மீதியை நேரா அனுப்பிடுங்க, தளத்துல போட்டா கமிஷனே தின்னுடும்" என்றார். அந்த 14,000-மும் போனது. ஆக 28,000.

பார்சல் வந்தது. மேலே அந்தப் படத்து வேகன். அதன் ஒரு பக்கம், நிஜமாகவே சொல்கிறேன், அபாரம். திருப்பினேன். மறுபக்கத்தில் பழுப்பு வாஷை (நீர்க்கக் கரைத்த பெயின்டை) ஒரே இழுப்பில் தடவிவிட்டுப் போயிருக்கிறார். எண்ணைச் சுற்றிலும் வெள்ளிப் பளபளப்பு. எனக்கு அவர் எச்சரித்த அதே பளபளப்பு!

மற்ற மூன்று நிலக்கரி வேகன்களும் ஒரே அச்சு. ஒரே இடத்தில் துரு, ஒரே இடத்தில் கறை. ஒரு ரேக்கில் (வேகன் வரிசையில்) அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேகன்கூட ஒரே மாதிரி அழுக்காக இருக்காது, இது ஸ்டேஷனில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும். அதைக்கூட விட்டுவிடலாம். டாங்கரைப் பாருங்கள். துருக் கோடுகள் கீழிருந்து மேலே போகின்றன. கீழே தடித்து ஆரம்பித்து, மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் சொட்டு நிற்கிறது. வாஷ் ஈரமாக இருக்கும்போதே வண்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கிறார். தெரியாதவர் செய்திருந்தால் மனம் ஆறிவிடும். தெரிந்தவர் செய்ததுதான் ஆறவில்லை.

கார்டு வேன் ஜன்னல் நான்கும் பனி மூடியதுபோல் வெளுத்திருந்தன. சூப்பர் குளூ. வேறு என்ன.

இதற்கு மேல்தான் விஷயமே. வேகனைத் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினேன், நகரவில்லை. சக்கரத்தைக் கழற்றாமல் மேட் வார்னிஷ் அடித்திருக்கிறார், அச்சு முனை உட்காரும் குழியெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது. கப்ளிங்கும் (வேகன்களை இணைக்கும் கொக்கி) ஒட்டிக்கொண்டு அசையவில்லை. சரி, சுத்தம் பண்ணலாம் என்று கழற்றினால், சக்கரம் என்னுடையது இல்லை. நான் போட்டு அனுப்பியது உலோகச் சக்கரம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக். ஆறு வேகனிலும்.

சந்தேகத்துக்கே இடம் வேண்டாம் என்று எடை போட்டேன். நான் வேகன் கட்டினால் என்எம்ஆர்ஏ, அதாவது 1935-இல் தொடங்கிய அமெரிக்க மாடல் ரயில் சங்கம், பரிந்துரைக்கும் கணக்குப்படிதான் எடை சேர்ப்பேன். எச்ஓ அளவுக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், அதன்மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 4 அங்குல வேகன் என்றால் 3 அவுன்ஸ், ஏறத்தாழ 85 கிராம். எடை குறைந்தால் வளைவில் சக்கரம் தடம் புரளும், அதற்காகத்தான் இத்தனை மெனக்கெடல். அனுப்பும் முன் தராசில் வைத்து எடுத்த படமும் என்னிடம் இருக்கிறது. திரும்பி வந்ததில் ஒன்றுகூட அந்த எடையில் இல்லை. வேலைக்கு 28,000 வாங்கிக்கொண்டு, போதாததற்குச் சக்கரத்தையும் உருவி எடுத்துக்கொண்டார்.

உருவங்கள் இன்னொரு கூத்து. வெள்ளை உலோக வார்ப்பு என்றாரே, வந்தது ரெசினில் எடுத்த 3டி பிரிண்ட். முதுகில் அடுக்குக் கோடு எண்ணலாம். யூவி விளக்கில் சரியாகப் பதப்படுத்தாமலே பெயின்ட் அடித்திருக்கிறார் போல, கையில் எடுத்தால் பிசுபிசுக்கிறது, நகம் பட்டால் சட்டை உரிந்து வருகிறது. ஸ்கேலை வைத்து அளந்தேன். எச்ஓ என்பது 1:87. ஐந்தே முக்கால் அடி ஆள் 20 மில்லிமீட்டர் உயரம் வர வேண்டும். இவை 23. அதாவது ஓஓ அளவு, 1:76. எச்ஓவுக்கும் ஓஓவுக்கும் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஒன்றுதான், 16.5 மில்லிமீட்டர். அதனால் கண்டுபிடிக்க மாட்டான் என்று தள்ளிவிட்டிருக்கிறார். என் கார்டு வேன் வாசலில் நிற்க வைத்தால் அந்த கார்டு தலை நிமிர்ந்து உள்ளே போக முடியாது. முகத்தில் எல்லாருக்கும் இரண்டு கறுப்புப் புள்ளி, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறார்கள். இந்த அளவில் கண் வரையவே கூடாது, புருவத்தடியில் கொஞ்சம் நிழல் கொடுத்தாலே கண் தானாகத் தெரியும். இதையும் அவர்தான் என்னிடம் சொன்னார் என்று நினைக்கிறேன், இப்போது எதற்கும் மனம் ஓடவில்லை.

இனி பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "போட்டோல சரியாத் தெரியல சார், வேற வெளிச்சத்துல எடுங்க." எடுத்து அனுப்பினேன். "வெதரிங்னாலே அழுக்குதானே சார்." கீழிருந்து மேலே போகும் துருவைக் காட்டினேன். "வண்டி ஓடும்போது காத்து அடிக்கும்ல, தண்ணி எந்தப் பக்கம் வேணா போகும்." சிரிப்புப் படம் வேறு. சக்கரத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க அனுப்பினப்பவே பிளாஸ்டிக்தான்." எடைப் படத்தை அனுப்பினேன். "அது வேற வேகனா இருக்கும்." வேகன் எண்ணே இல்லாமல் பெயின்டுக்கு அனுப்பினேன் அல்லவா, அந்தத் தைரியம். அடுத்து, ஊரில் இல்லை, வந்து பேசுகிறேன். அதற்கு அடுத்து நீல டிக் மட்டும்.

தளத்துக்கு எழுதினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று உடனே ஒரு பதில், எந்திரம் எழுதியது. நான்கு முறை கேட்டபின் மனிதர் மாதிரி ஒருவர் வந்தார். சொல்லிச் செய்த வேலைக்குப் பணம் திரும்பாது, பாதித் தொகை தளத்துக்கு வெளியே போயிருக்கிறது, புகார் தரும் காலமும் முடிந்துவிட்டது என்றார். காலம் எப்படி முடிந்தது? வேலை தள்ளித் தள்ளிப் போனதால்தான் முடிந்தது! ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. கடைசியில் "எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?" என்று ஒரு படிவம். 28,000 போனவனிடம் கேட்கிறார்கள்.

பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது போலிருக்கிறது. அக்ரிலிக்தான் அடிப்பேன் என்று சொல்லியிருந்தார். அக்ரிலிக் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பெரும்பாலும் இளகி வந்துவிடும். டாங்கரின் மூலையில் பஞ்சால் தேய்த்துப் பார்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது. வேறு ஏதோ அடித்திருக்கிறார். வீரியமான தின்னரைத் தொட்டால் பாலிஸ்டைரீன் உடலே கரைந்துவிடும், ரிவெட் எல்லாம் போய்விடும். ஆக 28,000 மட்டுமில்லை, நான் உட்கார்ந்து கட்டிய ஆறு வேகனும் சேர்ந்தே போயிற்று.

எச்சரிக்கைகளை விவரமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். மீதிப் பணம் கேட்டால் ஒவ்வொரு வேகனுக்கும் இரண்டு பக்கமும், அடிப்பாகமும், எண்ணோடு சேர்த்துப் படம் கேளுங்கள், முடிந்தால் வீடியோ. பணத்தைத் தளத்துக்கு வெளியே கொடுக்காதீர்கள், கமிஷன் கதையெல்லாம் கேட்காதீர்கள். சக்கரத்தையும் கப்ளிங்கையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு உடலை மட்டும் அனுப்புங்கள். வேகனுக்கு அடியில் ஒரு அடையாளம் கீறிப் படம் எடுத்து வையுங்கள். உருவம் வாங்கினால் மில்லிமீட்டரில் உயரம் கேளுங்கள், "எச்ஓதான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். முதலில் ஒரே ஒரு வேகன் கொடுத்துப் பாருங்கள். இவ்வளவுதான் இப்போதைக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டால் 2,000 திருப்பித் தருவாராம். 28,000 வாங்கியவர், என் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு, 2,000 தருவாராம். இருங்கள், முதலில் அதற்குப் பதில் எழுதிவிட்டு வருகிறேன்.