ரெக்டரைத் தேர்ந்தெடுப்பதா, நியமிப்பதா: அர்ஜென்டினாவும் டென்மார்க்கும்

பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரை உள்ளே இருப்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஒரு வாரியம் கூடி நியமிப்பது மறுவழி. அர்ஜென்டினா முதல் வழியில் நடக்கிறது. டென்மார்க் அதை விட்டு இரண்டாவதற்கு மாறிவிட்டது.

1918இல் கோர்தோபா நகரப் பல்கலைக்கழக மாணவர்கள் போராடிப் பெற்ற, நிர்வாகத்தில் பங்கேற்கும் உரிமை அர்ஜென்டினாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு புலத்தின் ஆட்சிக்குழுவிலும் பேராசிரியர்களுக்கு 8 இடங்கள், பட்டதாரிகளுக்கு 4, மாணவர்களுக்கு 4. பதினாறில் எட்டு பாதிதான், பெரும்பான்மை அல்ல. எனவே பேராசிரியர்கள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற விரும்பினால் மற்றவர்களிடம் காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். இக்குழுக்களும் பல்கலைக்கழகம் முழுவதற்குமான உயர்குழுவும் சேர்ந்த பேரவையே ரெக்டரைத் தேர்ந்தெடுக்கிறது. கட்சி அரசியல் உள்ளே வருவது உண்மை. 2006இல் மாணவர் அமைப்பு பேரவையைக் கூடவிடாமல் தடுத்ததால் தேர்தல் மாதக்கணக்கில் இழுத்தது.

டென்மார்க்கில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் நிர்வாகத்தில் பங்கு கொடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெருமளவு பறித்தது. வெளியார் பெரும்பான்மையாக உள்ள வாரியம் ரெக்டரை நியமிக்கிறது. ரெக்டர் புலத்தலைவர்களை நியமிக்கிறார். முடிவுகள் விரைந்து வரலாம். ஆனால் பதவி மேலிருந்து வரும்போது பதில் சொல்லும் கடமையும் மேல்நோக்கியே போகிறது. வாரியத்தில் மாணவர்களுக்குக் குறைந்தது 2 இடங்கள் உண்டு. கருத்துச் சொல்ல அது போதும், தடுத்து நிறுத்தப் போதாது. தாமதமானாலும் நான் அர்ஜென்டினா வழியையே ஆதரிப்பேன்.